வெள்ளவத்தை வாடிக்கையாளர்

கலாராணி ரமேஸின் விரல்களைப் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கிய கஜேந்திரன் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க. லேசா பிடிங்க, அப்பத்தான் அழகா வரும்," என்று அவள் சிரித்தாள்.

ரமேஸின் கையில் ஓர் அச்சாறு போத்தல் இருந்தது. லேபிள் தெரியும்படி அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வைத்துவிட்டு, அவள் போனில் படம் எடுத்தாள். கடைக்கான படம்தான். கஜேந்திரனுக்குப் புரிந்தது. ஆனாலும் மனைவியின் கை இன்னொருவன் கைமீது இருந்ததில் வயிறு எரிந்தது.

லுணுகலை பஸாரில் ரமேஸின் கடை சின்னது. அச்சாறு, ஊறுகாய், மிளகாய்த்தூள், அவ்வளவுதான். பதுளையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சும்மா இருந்த கலாராணிதான், "ஃபேஸ்புக்குல போட்டா கொழும்புல இருந்தே வாங்குவாங்க," என்று பேசி வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டே மாதத்தில் கடையின் பக்கத்துக்கு மூவாயிரம் பேர். தோட்டத்தில் எல்லோரும் இப்போது அவளை "மிஸ்" என்கிறார்கள்.

"வாங்கண்ணே!" ரமேஸ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். முப்பத்தைந்து வயது, இன்னும் கல்யாணமாகவில்லை, தலையில் ஜெல் வேறு. "கலா இல்லேன்னா இந்தக் கடையே இல்லண்ணே."

கலா! அது தான் மட்டும் கூப்பிடும் பெயர் என்று கஜேந்திரன் நினைத்திருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "அவன் எதுக்கு உன்னைக் கலாங்கிறான்?"

"முழுப் பேரையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அச்சாறு புளிச்சிருமாம்." அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஏங்க, பொறாமையா?"

"எனக்கா? ஃபேக்டரியில கொழுந்து வாட்டுறவனுக்குப் பொறாமைப்பட ஏது நேரம்?"

நேரம் இருந்தது. கலாராணி அடுப்படிக்குள் போனதும் அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஒரு பொய் ஃபேஸ்புக் கணக்கு திறந்தான். பெயர் நிரோஷா, ஊர் கொழும்பு வெள்ளவத்தை, முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. இந்த நேரத்தில் கடையின் பக்கத்தில் பதில் போடுவது ரமேஸாகத்தான் இருக்கும்; அவன் வாயிலிருந்தே விஷயத்தைப் பிடுங்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பாக வந்தாலும், நாளையிலிருந்து கலாராணி கடைக்குப் போகக் கூடாது.

'ரெண்டு போத்தல் அச்சாறு வேணும்' என்று எழுதினான். முகவரி கேட்டுப் பதில் வந்தது.

லயத்துக் காம்பரா வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் டவுனில் ஏதாவது ஒரு கடையின் பெயருக்குத்தான் வரும். பழகிய கை தயங்காமல் எழுதியது: 'நிரோஷா, மே/பா சிவகங்கா ஸ்டோர்ஸ், வெள்ளவத்தை.'

பிறகு பதில் வந்தது. 'நன்றி அக்கா. வேற ஏதாவது தெரியணுமா?'

மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது. 'வீடியோவுல பேசுறாங்களே, அவங்க யாரு? ரொம்ப அழகு.'

'இந்தக் கடையோட உயிரே அவங்கதான்.'

"உயிரா? இருடா!" என்று பல்லைக் கடித்தான். 'கல்யாணம் ஆயிருச்சா அவங்களுக்கு?'

'ஆயிருச்சு. ஆனா அவங்க போட்ட ஒரு படத்துக்குக்கூட அவங்க புருஷன் லைக் போட்டதில்லை. நல்லாயிருக்குனு ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.'

கஜேந்திரனுக்குக் காது சூடேறியது. வீட்டு விஷயமெல்லாம் அங்கே போகிறதா? அவன் முன்னால் உட்கார்ந்து அழுகிறாளா? எழுதினான். 'அப்படிப்பட்டவனோட எதுக்கு இருக்காங்க? நீங்க நல்லா பார்த்துக்குவீங்க போலிருக்கே!'

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு வரும் பதிலில் தன் குடும்பமே இருப்பது போலத் தோன்றியது. உள்ளே ரொட்டி தட்டும் சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது.

பதில் நீளமாக வந்தது.

'மழை நாள்ல பஸ் வராட்டி அவங்க நடந்துதான் வரணும். அவரு வேலை விட்டதும் குறுக்குப் பாதையில பாதி தூரம் இறங்கி வந்து நிப்பாரு. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. குனிஞ்சு அவங்க கால்ல ஏறின அட்டையை ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் போட்டுட்டு, குடையை அவங்க பக்கமே பிடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சு வருவாரு. அந்த ஆளை விட்டுட்டு அவங்க எங்க போவாங்க?'

கஜேந்திரன் இரண்டு தடவை படித்தான். எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் குறுக்குப் பாதையில் அவனையும் கலாராணியையும் தவிர ஒரு காக்காய்கூட இருந்ததில்லை. ரமேஸுக்கு எப்படித் தெரியும்?

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"நிரோஷா அக்கா, கொழும்புல வீட்டுக்கெல்லாம் நம்பர் இருக்கு. ரொட்டி ஆறுது. வெள்ளவத்தையில இருந்து சீக்கிரம் வாங்க!"