சுட்டுவிரல்

லேப் பெண் மெஷினில் சுழற்றி எடுத்த ரத்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை, இடுப்பில் சிணுங்கும் கைக்குழந்தையோடு நின்ற ஜெசிந்தா கவனித்துவிட்டாள்.

"அக்கா, தம்பி காலையில என்ன சாப்பிட்டான்?"

"ராத்திரி சாப்பிட்டதோட சரிம்மா. பச்சைத் தண்ணிகூடக் குடுக்கல."

மகன் ஆல்வின் தொப்பை மடியில் சரிய, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பசியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வயது பதினொன்றுதான். குழாயின் அடியில் அவன் ரத்தம் சிவப்பாகத்தான் படிந்திருந்தது. அதற்கு மேலே மஞ்சள் நீராகத் தெளிந்திருக்க வேண்டியது, கொழுப்பு கலந்து வெள்ளைவெளேரென்று நின்றது.

அந்த வெள்ளை ஜெசிந்தாவுக்குத் தெரியும். புருஷனின் பேக்கரியில் வனஸ்பதியும் சர்க்கரையும் போட்டு அவள் தினமும் அடித்தெடுக்கிற கேக் கிரீமின் வெள்ளை. ஆல்வினுக்குப் பல் முளைக்காத நாளில், அவன் அழும்போதெல்லாம் சட்டியிலிருந்து விரலால் வழித்து வாயில் வைப்பாள். உடனே அழுகை நின்றுவிடும். கேக் வாங்க வந்தவர்களெல்லாம் அவன் கொழுகொழு கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இடுப்பிலிருந்த கைக்குழந்தை சிணுங்கலை நிறுத்தியிருப்பது உறைத்தது. குனிந்து பார்த்தாள். காலையில் கிரீம் அடித்துவிட்டு அவசரமாகத் துடைத்திருந்த அவளுடைய சுட்டுவிரலை, அது இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருந்தது.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். அது விடவில்லை.