தையல்காரரின் மரத்த விரல்

எல்லாவற்றையும் கெடுத்தது காட்மியம்தான். தையல்காரர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் செங்கேணியின் சிறுநீரகத்தில், ஒரு செல்லுக்குள் வேலை செய்யும் புரதம் அவர். டி.என்.ஏ. என்ற நீண்ட இழையை ஒற்றை விரலால் தடவிக்கொண்டே போவார். அறுபட்ட இடம் தட்டுப்பட்டால் அங்கேயே உட்கார்ந்து தைத்துவிடுவார். அந்த விரல் துவளாமல் பிடித்துக்கொண்டிருந்தது துத்தநாகம்.

ஒருநாள் பேட்டரிப் புகையோடு காட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ளே வந்தது. “கொஞ்சம் தள்ளிக்க, தம்பி” என்று துத்தநாகத்தை இடித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே சாயல். வேலை மும்முரத்தில் தையல்காரர் ஆள் மாறியதைக் கவனிக்கவில்லை.

செல் இரண்டாகப் பிரியும் நாள் வந்தது. அதற்குள் தைக்காவிட்டால், பிறக்கும் இரண்டு செல்லுக்கும் அதே கோளாறு போய்விடும்.

“அண்ணே, இங்கே அறுந்திருக்கு” என்றது இழை.

தையல்காரர் தடவிப் பார்த்தார். “எங்கே? வழவழன்னுதானே இருக்கு?”

“உங்க விரல் அது மேலதான் இருக்குண்ணே!”

அப்போதுதான் விரல் மரத்துப்போனது அவருக்குத் தெரிந்தது.

“எந்திரிடா! அது அவன் இடம்!”

“வெளியே போற வழி தெரியலையே, பெரியவரே” என்றது காட்மியம், அழாத குறையாக.

செல் பிரிந்தபோது, இழை அறுந்தபடியே இரண்டு புதுச் செல்லுக்கும் கிளம்பியது. “உங்க மேல தப்பில்லைண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

தையல்காரர் இன்னும் மரத்த விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். துத்தநாகம் பக்கத்திலேயே நிற்கிறது. காட்மியம் எழுந்திருக்கவில்லை.