ஏழாம் இழுப்பறை

அருங்காட்சியகத்தின் நான்காம் இழுப்பறையில் இரண்டு டால்பின் மண்டையோடுகள் எண்பது வருஷம் ஒன்றாகக் கிடந்தன. வெள்ளைமூக்கு வடக்குக் குளிர்கடலில் வாழ்ந்தது. கருமுதுகு தெற்குக் குளிர்கடலில் வாழ்ந்தது. உயிரோடு இருந்தபோது சந்தித்ததே இல்லை. இரண்டின் சீட்டிலும் ஒரே பேரினத்தின் பெயர் இருந்ததால் அண்ணன் தம்பி ஆகிவிட்டன.

"விடியற்காலையில பனிக்கட்டி விரிசல் விடுற சத்தம் கேக்கும்," என்று வெள்ளைமூக்கு அடிக்கடி சொல்லும்.

"எங்க பக்கம் பனிக்கட்டியே கிடையாதுண்ணே. கடற்பாசிக் காடுதான்," என்று கருமுதுகு சொல்லும். ஆனாலும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கும்.

ஒருநாள் ஓர் ஆராய்ச்சியாளர் வந்து இரண்டு எலும்பையும் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் போனார். அடுத்த மாதம் புதுச் சீட்டோடு திரும்பினார்.

"இது ரெண்டும் ஒரே வம்சம் இல்ல," என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, கருமுதுகை எடுத்தார்.

"வரேண்ணே," என்றது கருமுதுகு. வெள்ளைமூக்கு வாய் திறப்பதற்குள் இழுப்பறை மூடிக்கொண்டது.

ஏழாம் இழுப்பறையில் புதிதாக வந்த இன்னொரு மண்டையோடு இருந்தது.

"நாமதான் ரத்த சொந்தமாமே. நான் தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே செத்தவன். நம்ம கடல் எப்படி இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டது.



"விடியற்காலையில," என்று கருமுதுகு மெல்ல ஆரம்பித்தது, "பனிக்கட்டி விரிசல் விடுற சத்தம் கேக்கும்."