அப்பா அறையின் பஞ்சுப் பலகைகள்

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா நிமிஷத்துக்கொரு தரம் கூப்பிடுவார். மகனுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பேசுகிற வேலை. சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகைகளை வாங்கி, அப்பா அறையின் நாலு சுவரிலும் கதவிலும் தச்சரை வைத்து அடித்துவிட்டான்.

"அப்பா நிம்மதியா தூங்கட்டும்னுதான்" என்று அக்காவிடம் சொன்னான். தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அப்பா போய் ஒரு மாதம் கழித்து, பலகைகளைக் கழற்ற அதே தச்சர் வந்தார். அக்காவும் வந்திருந்தாள். முதல் பலகை சுவரை விட்டு வந்ததும் அப்பாவின் குரல் கேட்டது.

"சின்னவனே, கொஞ்சம் தண்ணி குடுப்பா."

தச்சர் திரும்பிப் பார்த்தார். "யார் சார் அது?"

அடுத்த பலகையைக் கழற்றியபோது, "முதுகு எரியுது, திருப்பிப் படுக்க வையேன்" என்றது குரல். அதற்கடுத்ததில் வெறும் "சின்னவனே".

"போதும், விட்டுடுங்க" என்றான் அவன்.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள் அக்கா. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசிப் பலகை வந்தபோது அப்பா கூப்பிடவில்லை.

"பாவம், வேலையா இருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.