பொய் சொன்ன பச்சை விளக்கு

“மறுபடியும் ஃபெயில் போட்டுட்டாங்க சார்!”

சோதனை அறிக்கையை மேனேஜர் மேஜையில் வைத்தாள் இளம் டிசைனர்.

ஆறு பிளக் செருகும் சுவர் அடாப்டர். அவளுடைய முதல் டிசைன். சார்ஜர்கள் ஒன்றையொன்று இடிக்காது. குழந்தை விரலை விட முடியாது. திங்கட்கிழமை இது கடைக்குப் போனால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

வந்து ஆறே மாதமான மேனேஜர், சோதனைப் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டார். ஆபீஸ் அந்த அம்மாளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘முட்டுக்கட்டை’. பெயர் வைக்க மட்டும் எந்த ஆபீஸிலும் ஆள் பஞ்சமே கிடையாது.

“என்ன மேடம் குறை?”

“கரண்ட் திடீர்னு எகிறினா உள்ளே பாதுகாப்பு பாகம் கருகிடுது. கருகட்டும், அதுக்குத்தானே வெச்சிருக்கோம்? ஆனா ‘பாதுகாப்பு இருக்கு’ன்னு காட்டுற பச்சை விளக்கும் கூடவே அணையணும். அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு.”

“அந்த சர்க்யூட் நான் போட்டதில்லை!” என்றாள் டிசைனர். “நம்ம பழைய மாடல்ல இருந்து அப்படியே எடுத்தது. பத்து வருஷமா விக்குது.”

“அப்போ பத்து வருஷமா தப்பு.”

“ஒருத்தர்கூட புகார் பண்ணலையே?” என்றார் மேனேஜர்.

“பச்சை விளக்கு எரியும்போது யார் சார் புகார் பண்ணுவா? அதை நம்பி ஃப்ரிட்ஜு, கம்ப்யூட்டர்னு மாட்டி வெச்சிருப்பாங்க.”

“சரி, இப்போ கையெழுத்து போடுங்க. அடுத்த லாட்ல திருத்திக்கலாம்.”

“மாட்டேன். ரெண்டு வாரம் ஆகும். பழைய மாடலையும் கடைகள்ல இருந்து திரும்ப எடுக்கணும்.”

மேனேஜர் எழுந்தே விட்டார். “விளையாடறீங்களா? அதை டிசைன் பண்ணினவங்களை முதலாளி உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்!”

“பண்ணட்டும்.”

டிசைனருக்குப் பொறுக்கவில்லை. “சின்னவ முன்னுக்கு வர்றது உங்களுக்குப் பொறாமை மேடம்!”

அந்த அம்மாள் கையிலிருந்த ஃபைலைத் திறந்தார். “முதலாளிக்குக் கடிதம். படிச்சிட்டு அனுப்பிடுங்க சார்” என்று ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார்.

“என்மேல என்னென்ன குத்தம் எழுதியிருக்காங்களோ!” வெடுக்கென்று எடுத்துப் படித்தாள் டிசைனர்.

‘புது அடாப்டர் பிரமாதமாக வந்திருக்கிறது. தாமதத்தைக் காரணம் காட்டாமல் அந்தப் பெண்ணின் வேலையை நிரந்தரமாக்குங்கள். தவறு பழைய சர்க்யூட்டில் இருக்கிறது. நடவடிக்கையை என்மேல் எடுங்கள். பத்து வருடங்களுக்கு முன் அதை வடிவமைத்தவள் நான்தான்.’