டப்பாவின் வயிறு

சமையலறையின் மேல் தட்டில் ஒரு முறுக்கு டப்பா இருந்தது. எட்டாத உயரத்தில் இருந்தால் கை போகாது என்று வேதவல்லியேதான் அதை அங்கே வைத்தாள். ஆனாலும் தினமும் பதினோரு மணிக்கு முக்காலி போட்டு ஏறிவிடுவாள். முக்காலி முனகும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பிய டப்பா புதன்கிழமைக்குள் காலியாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரு கரண்டி சப்ஜா விதைகள் கீழே தண்ணீர் டம்ளரில் வந்து விழுந்தன.

"கடுகைவிடச் சின்னதா இருக்கீங்க. அவ பசிக்கு நீங்கல்லாம் எந்த மூலைக்கு?" என்று டப்பா சிரித்தது.

"கொஞ்சம் ஊறிக்கிறோமே" என்றன விதைகள்.

கால் மணி நேரத்தில் அவை வழுவழுவென்று கண்ணாடிச் சட்டை மாட்டிக்கொண்டு உப்பிவிட்டன. வேதவல்லி மோரில் கலந்து குடித்தாள்.

பதினோரு மணி ஆயிற்று. கை வரவில்லை. மறுநாளும் அதே சப்ஜா மோர்தான்; கை வரவில்லை. பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடுவாளோ என்று டப்பாவுக்குத் திக்கென்றது.

வெள்ளிக்கிழமைதான் ஏறினாள். இரண்டே இரண்டு முறுக்கு எடுத்து, அவசரமில்லாமல் கடித்துத் தின்றாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

நாலைந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "இப்ப ஏறினது அவங்கதானா? முனகவே மறந்துட்டேன்" என்றது முக்காலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதவல்லி புது முறுக்கோடு வந்து மூடியைத் திறந்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாததை டப்பா அன்று சொன்னது: "போதும்மா, வயிறு நிறைஞ்சிருக்கு."