மஃரிபுக்குப் பிறகு வரும் சத்தம்

“இந்தா பாரு லத்தீஃபா, அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் போடுன்னு எத்தனை தடவை…”

“நீங்க முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. எம் புள்ளை வாங்கி வச்சதை நான் எதுக்கு…”

“எம் புள்ளையாம், எம் புள்ளை. போயி ரெண்டு வருசமாச்சு.”

“அவனா போனான்? விரட்டி விட்டீங்க.”

அஹமது கபீர் டீ கிளாஸை நங்கென்று வைத்தார். கீழே உரக்கடை, மேலே வீடு. இவர்கள் போடும் சண்டை கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பழகிப்போன ஒன்று.

பெட்டி என்றது டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஹார்டு டிஸ்க்கை. டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக இருக்கும். குடும்பப் படங்கள் அத்தனையையும் மகன் ஹம்தான் அதில் போட்டு, யார் எந்த ஊரில் இருந்தாலும் செல்லிலேயே பார்க்கிற மாதிரி நெட்டோடு இணைத்து வைத்திருந்தான். அதற்கப்புறம்தான் அந்த நிக்காஹ் பேச்சு. அப்துல் வஹாப் மகளை ஹம்தானுக்கு முடிப்பதாகக் கபீர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மகன் மாட்டேன் என்றான். “என் மவுத்துக்குக்கூட வராதே” என்றார் இவர். அவன் சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

பெட்டி மட்டும் உள்ளுக்குள் ராத்திரி பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டால் சுடும். லீவுக்குத் தஞ்சாவூரிலிருந்து வந்த மகள் அனீஸா, “சும்மா ஓடி வீணாப்போகுதும்மா” என்று அதில் எதையோ மாற்றி வைத்தாள். யாரும் படம் பார்க்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். எங்கேயாவது யாராவது படத்தைத் திறந்தால்தான் மறுபடி எழுந்திருக்கும்.

அன்றிலிருந்துதான் லத்தீஃபாவுக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், தூங்குகிற பெட்டி கிர்ரென்று எழும்.

“அங்க அவன் டூட்டி விட்டு ரூமுக்கு வர்ற நேரம்ங்க. வந்ததும் வராததுமா நம்ம மூஞ்சியைத்தான் பாக்குறான்.”

“மெஷின்னா சத்தம் வரத்தான் செய்யும்.”

“யாராச்சும் பாத்தாதான் வரும்னு அனீஸா சொல்லியிருக்கா. நான் பாக்கலைம்மான்னு அவளும் சொல்லிட்டா. எனக்குப் பாக்கத் தெரியாது. நீங்க அந்தச் செல்லுல நெல்லு விலையைத் தவிர என்னத்தைப் பாத்தீங்க? மிச்சம் யாரு இருக்கா?”

கபீர் தொப்பியைத் தேடினார். அது தலையில்தான் இருந்தது.

“ஒண்ணு சொல்றேன், நம்புனா நம்புங்க” என்றாள். “உங்களுக்குக் கண் ஆபரேஷன் பண்ணுனாங்களே, அந்த வாரம் பூரா சத்தமே வரலை. சார்ஜாவுல நம்ம ஊரு ஆளுங்களுக்கா பஞ்சம்? யாரோ சொல்லியிருப்பாங்க. அத்தாவுக்குக் கண்ணுன்னதும் படத்தைத் திறக்கக்கூட அவனுக்கு மனசு வரலை. நீங்கதான் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க.”

“அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்றே?”

“ஒரு போன் போடுங்க. நான் பேசுனப்ப, அத்தா கூப்பிடட்டும்மான்னு வச்சவன்தான், அப்புறம் நான் போட்டா எடுக்குறதில்லை. வராதேன்னு சொன்ன வாயாலதான் வான்னும் சொல்லணும்.”

“பெத்தவன் இறங்கிப் போகணுமாக்கும். அவன் பேசட்டும் முதல்ல.”

“அவன்தான் தினம் வந்து பாத்துட்டுப் போறானே.”

“அவன் இல்லை லத்தீஃபா.” குரல் திடீரென்று இறங்கியிருந்தது. “தினம் அந்தப் பெட்டிக்கிட்ட உக்காந்துக்கிட்டு, இன்னிக்குச் சோத்துக்கு என்ன ஆணம் வச்சேன்னு சொல்லிக்கிட்டிருக்கே. எனக்குப் பாக்கச் சகிக்கலை. அதான் பிடுங்கிப் போடுங்குறேன்.”

“அவன் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். கபீர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

லத்தீஃபா தொழுது முடித்து, வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே, இன்றைக்குப் பார்த்து வராமல் போய்விடுமோ என்று இருந்தது.

கிர்ரென்று எழுந்தது.

“வந்துட்டியா?” என்று அதன்மேல் கையை வைத்தாள். உள்ளங்கையில் லேசாக அதிர்ந்தது. இந்த மனுஷனையும் ஒருநாள் தொட்டுப் பார்க்க வைத்துவிட்டால் போதும், எந்தக் கல்லும் இளகிவிடும். நின்றுபோவதற்குள் கூட்டி வரவேண்டும் என்று மூட்டுவலியையும் பார்க்காமல் படியில் இறங்கினாள்.

கடையில் ஆள் இல்லை. குறுவை நடவு, எல்லாரும் வயலில் கிடக்கிறார்கள். உரமூட்டைகளுக்கு நடுவில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கபீர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. லத்தீஃபா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

செல்லில் ஹம்தான் சிரித்துக்கொண்டிருந்தான். பெருநாள் புதுச்சட்டை, காலரில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்த அந்தப் படம். கபீர் இரண்டு விரலால் அவன் முகத்தை விரித்துப் பெரிதாக்கினார். பிறகு கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை மெல்லத் தடவினார்.

லத்தீஃபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அட, நீங்களுமா? அவனும் இப்பப் பாத்துக்கிட்டுதாங்க இருக்கான். அப்பனும் மவனும் ஒரே நேரத்துல…”

கபீர் திரும்பவில்லை. செல்லை மட்டும் மெதுவாக மடியில் கவிழ்த்தார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, கண் ஆபரேஷன் பண்ணுனப்ப செல்லைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாரே… அந்த வாரம்தானே சத்தம் வரலை?”